பத்து மாத சிப்பிப்பாறை: எவ்வளவு நடத்தினாலும் அடங்கவில்லை, என்ன செய்யலாம்?

சரவணம்பட்டிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பத்து மாதமான சிப்பிப்பாறைப் பெண் நாய் இருக்கிறது. பெயர் மின்னி, செவலை நிறம். கோவில்பட்டிப் பக்கம் மனைவியின் சித்தப்பா தோட்டத்தில் பிறந்த குட்டி. தாயை நேரில் பார்த்துத்தான் எடுத்து வந்தோம். அது திண்ணையில் சாதுவாகப் படுத்துக் கிடந்தது. இவளும் அப்படித்தான் வளருவாள் என்று நினைத்தோம்.

காலையில் நான் ஒரு மணி நேரம் நடத்திக் கூட்டிப் போகிறேன். மாலையில் மனைவி அரை மணி நேரம். வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கால் வலிக்கிறது, மின்னிக்கு அப்போதுதான் பொழுது விடிகிறது. சோஃபாவின் ஒரு ஓரம் முழுக்கப் போய்விட்டது. மாடிப்படிக் கைப்பிடியில் பல் தடம். போன வாரம் ஐந்தடி காம்பவுண்டுச் சுவரைத் தாவி, பின்தெருவில் ஒருவர் வளர்க்கும் கோழியைப் பிடித்துவிட்டாள். காசு கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, சமாதானம் ஆயிற்று. வாடகை வீடு என்பதால் உரிமையாளர் சங்கிலியில் கட்டிப்போடச் சொல்கிறார். கட்டினால் விடாமல் ஊளையிடுகிறாள், பக்கத்து வீட்டார் தூங்க முடியவில்லை என்கிறார்கள்.

பகலில் அம்மா மட்டும்தான் வீட்டில். அவரால் கயிற்றைப் பிடிக்க முடிவதில்லை. பூனை கண்ணில் பட்டால் ஒரே இழுப்பு.

இன்னொரு சங்கடம், விலா எலும்பு தெரிகிறது. தெருவில் போகிறவர்கள் "சோறு போடுறீங்களா இல்லையா" என்று கேட்கிறார்கள். நன்றாகத்தான் சாப்பிடுகிறாள். கருத்தடை ஆபரேஷன் செய்யும் யோசனையும் இருக்கிறது, அதற்கு இது சரியான வயதா என்று தெரியவில்லை.

சொந்தக்காரர்கள் ஊருக்கே திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. மகள் படிக்க உட்கார்ந்தால் அவள் காலடியில் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும் நாயை எப்படி அனுப்புவது? இந்த இனத்தை வளர்த்தவர்கள் சொல்லுங்கள். ஊருக்குள் வைத்து இதை நல்லபடியாக வளர்க்க முடியுமா?

தென்காட்டான்:

நண்பா, இது காட்டு வேட்டை நாய். வாடகை வீட்டில் வைத்தால் அதற்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். தோட்டத்துக்கே அனுப்பிவிடுங்கள், ஆட்கள் முயலுக்குக் கூட்டிப் போவார்கள், நாய் சந்தோஷமாக இருக்கும். அனுப்ப மனமில்லை என்றால் காலையில் பைக்கில் கயிற்றைக் கட்டி ஐந்தாறு கிலோமீட்டர் ஓட விடுங்கள். எங்கள் பக்கம் அப்படித்தான் பழக்குவார்கள். தானாக அடங்கும்.

கரிசல்மகள்:

தம்பி, மின்னியிடம் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் சொன்ன அத்தனையும் சிப்பிப்பாறையின் இயல்பு. நான் சாத்தூர்ப் பக்கம் பிறந்தவள். தாத்தா வீட்டில் எந்தக் காலத்திலும் இந்த நாய்கள் இல்லாமல் இருந்ததில்லை. இப்போது திருநெல்வேலிக்கு வெளியே என் வீட்டிலும் இரண்டு இருக்கின்றன, ஒரு சாம்பல் ஆண், ஒரு செவலைப் பெட்டை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இது கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய். மோப்பம் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் புதரைச் சுற்றும் இனங்கள் வேறு. கரிசல் காடு வெட்டவெளி. அங்கே ஒரு முயல் கிளம்பினால் எல்லாம் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும்: ஒன்று நாய் பிடித்திருக்கும், இல்லையென்றால் முயல் தப்பியிருக்கும். அந்த ஓரிரு நிமிடத்துக்காகத்தான் தலைமுறை தலைமுறையாக இந்த உடம்பைத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, வளைந்து நிமிரும் முதுகு. முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் நான்கு கால்களும் இரண்டு முறை தரையை விட்டு எழும்பும். கால்கள் வயிற்றுக்கடியில் ஒன்று சேரும்போது ஒரு முறை, முன்னும் பின்னும் நீண்டு விரியும்போது இன்னொரு முறை. கயிற்றில் பக்கத்தில் நடந்து வரும்போது இதில் ஒன்றுமே நடப்பதில்லை. நீங்கள் ஒன்றரை மணி நேரத்தை மூன்று மணி நேரமாக்கினாலும் அந்தத் தசைகளுக்கு வேலை வரப்போவதில்லை. சோஃபா போனதற்குக் காரணம் அதுதான்.

மின்னிக்கு வேண்டியது, தினமும் ஒரு முறை, அடைப்பான ஓர் இடத்தில், கயிறில்லாமல், முழு வேகத்தில் ஒரு பத்து நிமிட ஓட்டம். அவ்வளவுதான். ஓடி முடித்த சிப்பிப்பாறை எவ்வளவு நேரம் தூங்கும் என்பதைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். திண்ணையில் சாதுவாகக் கிடந்த தாயைப் பார்த்தீர்களே, அது விடியற்காலையிலேயே தோட்டம் முழுக்க ஓடிவிட்டு வந்து படுத்திருக்கும். பொய்த் தோற்றம் இல்லை அது. வளர்ந்த சிப்பிப்பாறை வீட்டுக்குள் சத்தமே இல்லாத நாய்.

இடத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உங்கள் ஊர்ப் பக்கம் நாலு புறமும் வலை கட்டிய கிரிக்கெட் டர்ஃப்கள் நிறைய இருக்கின்றன. மாலையில் கூட்டமாக இருக்கும், வார நாள் விடியற்காலையில் பெரும்பாலும் காலி. கழிவைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் போவேன் என்று உறுதி சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வேலி போட்ட தென்னந்தோப்பு யாரிடமாவது இருந்தால் இன்னும் நல்லது. வேலி முள்கம்பியாக மட்டும் இருக்கக் கூடாது. இந்த நாய்களின் தோல் மெல்லியது, வேகத்தில் கம்பியில் உரசினால் துணி கிழிவது போலக் கிழிந்துவிடும்.

இடம் கிடைக்காத நாளுக்கு ஒரு வழி உண்டு. நீளமான மூங்கில் கம்பு, நுனியில் ஒரு கயிறு, கயிற்றின் முனையில் பழைய துணி. தரையோடு தரையாகத் துணியை இழுத்து ஓட்டுங்கள், மின்னி துரத்தட்டும். மொட்டை மாடி வேண்டாம், மண் தரை வேண்டும். துணியை உயரே தூக்கிக் குதிக்க வைக்காதீர்கள், சடாரென்று திருப்பவும் செய்யாதீர்கள், வளரும் மூட்டுக்கு நல்லதல்ல. அப்புறம் ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் துணியை அது பிடித்துக் கவ்வும்படி விட்டுவிடுங்கள். துரத்தல் பிடிப்பதில் முடிந்தால்தான் நாயின் மனம் அடங்கும். பிடிக்கவே விடாமல் களைக்க வைத்தால் இன்னும் கொதிப்போடு வீட்டுக்கு வரும்.

தென்காட்டான் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், பைக்கில் கட்டி ஓட்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பத்து மாதக் குட்டிக்கு எலும்பின் வளரும் முனைகள் இன்னும் முழுக்க மூடியிருக்காது. தார் ரோட்டில் ஒரே வேகத்தில் கிலோமீட்டர் கணக்கில் ஓடுவது அந்த எலும்புக்குச் சித்திரவதை. நாயாக நினைத்தால் நிற்கும், மூச்சு வாங்கும், திரும்ப ஓடும். பைக்கில் கட்டிய நாய்க்கு நிற்கும் உரிமையே இல்லை. முயல் வேட்டை என்பது இன்றைக்குக் குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல், உடும்பு, மயில் எதையும் நாயை விட்டுப் பிடிக்கக் கூடாது. தாத்தா காலத்துப் பழக்கம் என்று சொல்லித் தப்ப முடியாது. எனக்கும் அந்தக் காட்சிகளைப் பார்த்து வளர்ந்த மனம்தான். ஆனால் நாய்க்குத் தேவை ஓட்டமும் துரத்தலும். செத்த முயல் அதற்குத் தேவையில்லை, துணியே போதும்.

ஊருக்கு அனுப்பும் பேச்சையும் நம்பாதீர்கள் தம்பி. 2020 ஆகஸ்டில் பிரதமர் 'மனதின் குரல்' வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்ன பிறகு எங்கள் பக்கம் குட்டி கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள். அப்படிப் போய், வளர்க்க முடியாமல் திரும்பி வந்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் அவை ஓடித் திரிவதில்லை. மோட்டார் ரூம் பக்கத்தில் சங்கிலியில் கிடக்கின்றன. மகளின் காலடியில் படுத்துப் பழகிய நாய்க்கு அது தண்டனை. இந்த இனம் ஆளோடு ஒட்டிக்கொள்ளும் இனம். எல்லோரிடமும் போய் வாலாட்டாது, அன்னியரிடம் ஒதுங்கி நிற்கும், ஆனால் தன் ஆளை விட்டுப் பிரிந்தால் உருகிப்போகும். உங்கள் வீட்டில் கட்டிப்போட்டால் ஊளையிடுவதும் அதனால்தான். அதை அடம் என்று நினைக்காதீர்கள்.

சங்கிலியில் இன்னொரு ஆபத்து உண்டு. பூனையைப் பார்த்து இந்த நாய் பாய்ந்தால் நாலு எட்டுக்குள் வேகம் எடுத்துவிடும். சங்கிலி முடியும் இடத்தில் அத்தனை வேகமும் கழுத்தில் விழும். கழுத்துப் பட்டை அகலமாக இருக்க வேண்டும். தலை குறுகலாக இருப்பதால் சாதாரணப் பட்டையிலிருந்து பின்னால் இழுத்துக் கழற்றிக்கொண்டு போய்விடும், அதனால் இழுத்தால் கொஞ்சம் இறுகும் வகை வாங்குங்கள். நடத்துவதற்கு நெஞ்சைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் இன்னும் பாதுகாப்பு.

கூப்பிட்டால் வருவதைப் பழக்க முப்பது அடிக் கயிறு ஒன்று வாங்கி ஹார்னஸில் மட்டும் மாட்டுங்கள், கழுத்தில் வேண்டாம். ஒரு விசில் வைத்துக்கொள்ளுங்கள். விசில் ஊதினால் அவித்த ஈரல் கிடைக்கும் என்று வீட்டுக்குள்ளேயே முதலில் பழகட்டும், பிறகு மாடி, பிறகு காலி மனை. ஈரல் விசிலுக்கு மட்டும்தான், மற்ற நேரத்தில் கொடுக்காதீர்கள். ஓடிப்போய்த் திரும்பி வந்த நாயை ஒருபோதும் அடிக்கவோ திட்டவோ கூடாது. வந்ததற்குத்தான் அடி என்று அதற்குப் பதிந்துவிடும். இவ்வளவு பழக்கிய பிறகும் ஒன்றை மனதில் வையுங்கள்: துரத்தல் தொடங்கிவிட்டால் இதன் காது அடைத்துவிடும். நீளமுக நாய்க்குப் பக்கவாட்டுப் பார்வை 240 டிகிரிக்கு மேல், நமக்கு 180 தான். நீங்கள் பார்ப்பதற்கு முன்னாலேயே அது பூனையைப் பார்த்திருக்கும். ஆகவே ரோட்டுப் பக்கத்தில், வேலி இல்லாத இடத்தில், எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் கயிற்றை அவிழ்க்காதீர்கள். எங்கள் வீட்டு ஆண் நாய் என் விசிலுக்கு உயிரைக் கொடுக்கும். அதையும் நான் அவிழ்ப்பதில்லை.

கோழி விஷயத்தில் மின்னியைக் குற்றவாளியாகப் பார்க்காதீர்கள். சொந்த வீட்டுக் கோழியோடு குட்டியிலிருந்து வளர்ந்தால் அந்தக் கோழியை விட்டுவைக்கும், பக்கத்து வீட்டுக் கோழியை விடாது. இதைத் திருத்த முடியாது, தடுக்கத்தான் முடியும். ஐந்தடிச் சுவர் இதற்கு ஒன்றுமில்லை. சுவரை ஒட்டி இருக்கும் பூந்தொட்டி, மோட்டார் மேடை, பைக் எல்லாவற்றையும் நகர்த்துங்கள், அவைதான் படிக்கட்டு. சுவருக்கு மேல் இரும்புக் கோணம் வைத்து உட்பக்கமாகச் சாய்த்துக் கம்பி வலை கட்டலாம். வாடகை வீடு என்பதால் உரிமையாளரிடம் கேட்டு, காலி செய்யும்போது கழற்றிக்கொள்ளும்படி போல்ட் போட்டுச் செய்யச் சொல்லுங்கள். கேட்டில் கம்பி இடைவெளி வழியாகத் தெரு தெரிந்தால் தகடு அடித்து மறையுங்கள். கண்ணில் படாததை இது துரத்தாது.

விலா எலும்பைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது, எனக்கும் அந்த அனுபவம் உண்டு. கடைசி இரண்டு மூன்று விலா தெரிவதும், இடுப்பு எலும்பு லேசாகப் புடைத்திருப்பதும் இந்த இனத்துக்குச் சரியான உடம்பு. தொடையில் தசை கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். முதுகெலும்பின் முடிச்சுகள் வரிசையாகத் துருத்திக்கொண்டு, தொடையும் வற்றியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஊரார் பேச்சுக்காகக் குண்டாக்கிவிடாதீர்கள், ஓடுகிற மூட்டு தாங்காது.

சாப்பாடு பற்றி: எங்கள் ஊரில் கம்பங்கூழும் மோரும் குடித்து வளர்ந்த நாய்கள்தான் இவை என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த நாய்கள் காட்டில் எலியும் ஓணானும் தாமாகப் பிடித்துத் தின்றன என்பதைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். வீட்டு நாய்க்குக் கூழோ தயிர்ச்சோறோ மட்டும் போதாது. கம்போ கேழ்வரகோ அரிசியோ, கூடவே கோழி, முட்டை, ஈரல் என்று கறிச்சத்து கட்டாயம் வேண்டும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பைக் கலக்காதீர்கள், ரத்தத்தைக் கெடுக்கும். வேகவைத்த எலும்பு கூடவே கூடாது, ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். முக்கியமாக, சாப்பிட்டவுடன் ஓட விடாதீர்கள், ஓடி வந்தவுடன் தட்டை வைக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு கல்லாக இறுகி, வாந்திக்கு உமட்டியும் ஒன்றும் வெளியே வரவில்லை என்றால் நள்ளிரவானாலும் டாக்டரிடம் ஓடுங்கள், காலை வரை தாங்காது.

படுக்கை மெத்தென்று இருக்கட்டும். கொழுப்பே இல்லாத உடம்பு, டைல்ஸ் தரையில் படுத்தால் முழங்கையில் தோல் தடித்து வெடிக்கும். ஆபரேஷன் பற்றி நான் சொல்லப் போவதில்லை, இங்கே டாக்டர் ஒருவர் இருக்கிறார், அவர் சொல்லட்டும்.

கால்நடை_நண்பர்:

கரிசல்மகள் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். மருத்துவப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் மருத்துவரிடம் இது கிரேஹவுண்ட் (வேகமாக ஓடும் ஒல்லியான வெளிநாட்டு வேட்டை நாய்) உடல்வாகு கொண்ட நாய் என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். தயோபென்டால் வகை மயக்க மருந்தை கிரேஹவுண்ட் கல்லீரல் மெதுவாகத்தான் சிதைக்கும். உடலில் கொழுப்பும் மிகக் குறைவு. அதனால் மயக்கம் தெளிய ரொம்ப நேரமாகும். புரோபோஃபால், ஐசோஃப்ளூரேன் போன்ற மயக்க மருந்துகள் உள்ள மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் உடல் சூடு வேகமாகக் குறையும், போர்வை எடுத்துப் போங்கள்.

வயதைப் பொறுத்தவரை, முதல் பருவம், அதாவது இனச்சேர்க்கைக் காலம், வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் வரும், இந்த உடல்வாகில் கொஞ்சம் தாமதமாகவும் வரலாம். பருவம் ஏறத்தாழ மூன்று வாரம் இருக்கும். அந்த நாட்களில் சுவர் உங்களைக் காப்பாற்றாது, தெரு ஆண் நாய்களும் உள்ளே தாவும், வீட்டுக்குள்ளேயே வையுங்கள். பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து ஆபரேஷன் செய்வது வழக்கம். செய்யாமல் விட்டால் வயதான பிறகு கருப்பையில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு இருக்கிறது, அது உயிருக்கே ஆபத்து.

ரத்தப் பரிசோதனை பற்றி ஒரு எச்சரிக்கை. தேசிய விலங்கு மரபணு வளங்கள் பணியகம் சிப்பிப்பாறையைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. ஆனால் ஆய்வக அறிக்கையில் பக்கத்தில் அச்சாகும் இயல்பு அளவுகள் பொதுவான நாய்களுக்கானவை. கிரேஹவுண்ட் போன்ற நாய்களுக்குச் சிவப்பணு விகிதம் இயல்பாகவே கூடுதல், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் தைராய்டு சுரப்பான டி4 அளவும் இயல்பாகவே குறைவு. உண்ணிக் காய்ச்சலிலும் தட்டணு குறையும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து இல்லாத நோய்க்கு மருந்து தொடங்கக் கூடாது. காய்ச்சல், ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம், சோர்வு இருக்கிறதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நன்றாக இருக்கும்போதே ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்து தாளைப் பத்திரப்படுத்துங்கள், பின்னாளில் ஒப்பிட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

உண்ணி எடுக்க மாட்டுக்கு வாங்கிய மருந்தை ஊற்றிக் கொண்டு வருகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். அளவு தப்பினால் நடுக்கம், வலிப்பு வரும். நாய்க்கென்று உள்ளதை எடை பார்த்து மட்டும் போடுங்கள். காது மடல் உட்புறம், விரல் இடுக்கு, வால் அடி, மூன்றையும் தினமும் தடவிப் பாருங்கள். தோல் கிழிந்தால் மஞ்சள்தூளோ காபித்தூளோ வைக்காமல், சுத்தமான தண்ணீரில் அலசித் துணி சுற்றி அழைத்து வாருங்கள். தூள் அப்பிய காயத்தைச் சுத்தம் செய்யவே பாதி நேரம் போகிறது. வெறிநோய்த் தடுப்பூசி வருடா வருடம், தவறவே கூடாது.

வெயிலில் ஓடி நிலை தடுமாறினால் சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்து, அப்படியே வண்டியில் ஏற்றுங்கள். குளிரட்டும் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள்.

நாலாம்மாடி:

சென்னையில் நாலாவது மாடியில் கன்னி இன நாய் வளர்க்கிறேன், கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே செம்புள்ளி. முடியுமா என்று கேட்டிருந்தீர்கள், முடியும். விடியும் முன்னால் ஓட்டம், அப்புறம் பகல் முழுக்கத் தூக்கம். பால்கனிக்கு வலை, ஜன்னலின் கீழ்ப் பாதிக்கு மங்கலான ஒட்டுத்தாள். புறா தெரியாமல் போனதும் வீட்டில் பாதி அமைதி வந்துவிட்டது. அடுக்குமாடியில் நாய் வளர்க்கக் கூடாது என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது, விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதலைக் காட்டினேன். குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பைத் தடை செய்ய முடியாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. கூடவே மாநகராட்சி உரிமமும் தடுப்பூசிச் சீட்டும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். மார்கழியில் பனிக்குப் போர்வை கேட்கும், கொடுத்துவிடுங்கள்.

சரவணம்பட்டிக்காரன்:

இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. அக்கா, நீங்கள் சொன்னபடி டர்ஃப் வைத்திருப்பவரிடம் பேசினேன். வார நாட்களில் காலை ஆறரை மணி வரை தருகிறேன் என்று சொல்லிவிட்டார். இன்றைக்குக் காலையில் மின்னி ஓடியதைப் பார்த்து எனக்குப் பேச்சே வரவில்லை. இதை எழுதும்போது மெத்தையில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

உரிமையாளர் வலை கட்ட ஒத்துக்கொண்டார், ஆனால் ஆள் வர ஒரு வாரம் ஆகும். அதுவரை பகலில் என்ன செய்வது? அம்மாவுக்கும் அவளுக்கும் எப்படிப் பழக்கம் ஏற்படுத்துவது? அம்மாவுக்கு அவள்மேல் பயம் இல்லை, இழுப்புக்குத்தான் பயம்.

கரிசல்மகள்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. டர்ஃபில் வெயில் ஏறிய பிறகு விடாதீர்கள், செயற்கைப் புல் சீக்கிரம் கொதிக்கும். உங்கள் புறங்கையை ஐந்து விநாடி தரையில் வைக்க முடியவில்லை என்றால் மின்னியின் பாதமும் தாங்காது. ஓடுவதற்கு முன்னால் ஒரு சுற்று நடத்திவிட்டு அவிழுங்கள், குளிர்ந்த தசை சுளுக்கிக்கொள்ளும்.

இந்த ஒரு வாரம் அம்மா மின்னியை வெளியே கூட்டிப் போகவே வேண்டாம். நடத்துவது உங்கள் இருவரின் வேலையாக இருக்கட்டும். அம்மாவுக்கு வேறு வேலை கொடுங்கள், சாப்பாடு போடுவது அவர் கையாக இருக்கட்டும். தட்டில் வைக்காமல், காலைச் சாப்பாட்டில் ஒரு பங்கைப் பழைய கோணியில் சுருட்டி வைத்தோ, அறை முழுக்கச் சிதறிப் போட்டோ தேடித் தின்ன விடச் சொல்லுங்கள். மூக்கால் தேடும் வேலை இந்த நாய்க்கு இயல்பாக வருவதில்லை, அதனாலேயே நன்றாகக் களைக்கும். தட்டு வைக்கும் முன்னால் "இரு" என்று சொல்லி, உட்கார்ந்த பிறகுதான் வைப்பது என்று அம்மா பழக்கட்டும். அதே "இரு"வைக் கேட் திறக்கும் முன்னாலும் சொல்லட்டும். கயிற்றுப் பலம் தேவைப்படாத இடத்தில் அம்மாவின் சொல்லுக்கு மதிப்பு வந்துவிட்டால், பிறகு கயிறு பிடிப்பது சுலபம்.

வலை வரும் வரை முற்றத்தில் தனியாக விடாதீர்கள், சங்கிலியும் வேண்டாம். அம்மா இருக்கும் அறையிலேயே இருக்கட்டும், கதவு சாத்தி, கூட ஒரு மெத்தையும் தண்ணீரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை முற்றத்துக்குப் போக வேண்டுமென்றால், நீளக் கயிறு ஹார்னஸில் மாட்டி, மறுமுனையைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி அம்மா பிடித்துக்கொள்ளட்டும். இழுப்பு தூணில் விழும், கையில் விழாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள மட்டும் விடாதீர்கள், விரல் முறிந்துவிடும்.

கோழிக்காரர் வீட்டுக்கு ஒரு முறை மின்னி இல்லாமல் நீங்கள் மட்டும் போய், வலை கட்டப் போகும் விஷயத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். அவருக்கும் நிம்மதியாக இருக்கும். வலை கட்டும் ஆள் அளவெடுக்க வரும்போது கேட்டையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். சுவரை ஏழடிக்கு உயர்த்திவிட்டுக் கேட்டை நாலடியில் விட்ட வீடுகளை எங்கள் தெருவிலேயே காட்டுவேன்.